ட்ராக் ரேஸ்: அரசியல் பேச்சு பார்வையாளர்களை என்ன செய்கிறது?

நிலாமுற்றம்: 2009இல் லோகோ என்ற சிறிய அலைவரிசையில் தொடங்கி, 2017இல் வி.எச்.1க்கு மாறிய அமெரிக்காவின் 'ரூபால்ஸ் ட்ராக் ரேஸ்' என்ற தொலைக்காட்சிப் போட்டி (ரூபால் நடத்துவது; 'ட்ராக்' என்பது பெரும்பாலும் ஆண்கள் மிகையான பெண் வேடமிட்டு நிகழ்த்தும் கலை), வாக்காளர் பதிவையும் உரிமைப் போராட்டங்களையும் இப்போது உரக்கப் பேசுகிறது. இது பார்வையாளர்களை விழிப்படையச் செய்கிறதா, சலிப்படையச் செய்கிறதா?

தென்கரை: அரசியல் பின்னர் வந்து சேர்ந்ததன்று. முதல் பருவத்திலேயே, எய்ட்ஸ் நிதிக்கான விளம்பரப் போட்டியில் வென்ற ஒஞ்சினா, தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை மேடையில் அழுதபடியே வெளிப்படுத்தினார்.

கூத்துப்பட்டி: உண்மைதான், ஆயினும் ஒன்பதாம் பருவத்தில், ஒப்பனைக்கிடையே போட்டியாளர்கள் 2016இல் ஆர்லாண்டோ நகரின் பல்ஸ் என்ற தன்பாலீர்ப்பாளர் இரவு விடுதியில் நடந்த துப்பாக்கிச்சூட்டை நினைவுகூர்ந்தபோது நெஞ்சைத் தொட்ட அந்த வடிவம், பருவந்தோறும் மெல்லிசையுடன் திரும்பத் திரும்ப வரும்போது வெறும் சூத்திரமாகிவிடுகிறது. (இசையை மட்டுமாவது மாற்றலாம்!)

மருதநிலம்: நான் காணும் பெரிய விளைவு வேறு: உரிமை பேசும் நிகழ்ச்சியைப் பார்வையாளர்கள் அதே உரைகல்லில் உரசிப் பார்க்கிறார்கள். உடல்மாற்றச் சிகிச்சை பெற்ற திருநங்கையரைப் போட்டியில் சேர்ப்பது ஐயமே என்று 2018இல் ரூபால் கூறியபோது, ரசிகர்களிடமும் முன்னாள் போட்டியாளர்களிடமும் எழுந்த எதிர்ப்பால் அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2021இல் திருநங்கையான கைலி சோனிக் லவ், முன்னாள் போட்டியாளர்கள் மீண்டும் மோதும் கிளைத்தொடரான 'ஆல் ஸ்டார்ஸ்' பட்டம் வென்றார்.