‘ஸ்டால்’ என்பதற்குப் ‘பிடிவிடல்’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

சிறு வானூர்தி வடிவமைப்புக்கான சொற்பட்டியலில் ‘ஸ்டால்’ (இறக்கையின் ஏற்றவிசை, அதாவது வானூர்தியைத் தூக்கி நிறுத்தும் விசை, குறைந்துபோகும் நிலை) என்பதற்குத் ‘தேக்கம்’, ‘நிலைகுலைவு’, ‘வீழ்ச்சி’ ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘ஸ்டால்’ என்றே எழுதிவிடலாம் என்போர், தமிழில் அச்சொல் டீக்கடைக்கும் புத்தகக் கண்காட்சிக்கும் குடிபோய்ப் பல காலமாயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதிர்வரும் காற்றோடு இறக்கை கொள்ளும் கோணம் கூடக்கூட ஏற்றவிசையும் கூடும். ஆனால் வழக்கமான இறக்கை வெட்டுமுகங்களில் அக்கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டியதும், மேற்பரப்பை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த காற்று பிரிந்து கலங்கி, ஏற்றவிசை குறைந்துவிடும். இதுவே ‘ஸ்டால்’. எஞ்சின் முழு வலுவோடு ஓடிக்கொண்டிருக்கும்போதும் இது நிகழக்கூடும்.

‘தேக்கம்’ என்பதை இதற்குக் கொடுத்துவிட்டால், இறக்கையின் முன்விளிம்பில் காற்றின் வேகம் சுழியாகும் இடத்தைக் குறிக்கும் ‘தேக்கப்புள்ளி’ தடுமாறும். ஒரே துறைக்குள் ஒரு சொல்லுக்கு இரு பொருள் ஆகாது. ‘நிலைகுலைவு’ நிலைப்புத்தன்மை பற்றிய சொற்களோடு மோதுகிறது. ‘வீழ்ச்சி’யைச் சோதிக்க ஒரு வாக்கியம் போதும். வானூர்தியைப் பக்கவாட்டில் சாய்க்க உதவும், நுனியிலுள்ள சாய்வுப்பலகைகள் கடைசிவரை வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, இறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதியைவிட நுனிப்பகுதியை இரண்டு மூன்று பாகை தாழ முறுக்கி அமைப்பது வழக்கம். இதை ‘இறக்கையின் அடிப்பகுதி முதலில் வீழும்படி அமைத்தல்’ என்று எழுதினால், படிக்கிற மாணவர் இறக்கை கழன்று விழுவதாக அல்லவா எண்ணுவார்! மேலும், மெதுவாகப் பறக்கும் பல சிறு வானூர்திகள் இந்நிலையில் விழுவதேயில்லை; மூக்கை நிமிர்த்தியபடியே தளர்ந்து இறங்குகின்றன.

பட்டம் விடுகிற பிள்ளைகள் ‘காற்றுப் பிடித்துவிட்டது’ என்பார்கள். காற்றைப் பிடித்து நிற்பது இறக்கைக்கும் பொருந்துமானால், அப்பிடி நழுவுவதைப் ‘பிடிவிடல்’ எனலாம். ‘இறக்கையின் அடிப்பகுதி முதலில் பிடிவிடும்’ என்னும் வாக்கியம் விளக்கம் கேட்காமல் நிற்கிறது.

‘உருகுநிலை’, ‘கொதிநிலை’ போல ‘பிடிவிடு வேகம்’ (இதற்குக் கீழே குறைந்தால் இறக்கை பிடிவிடும்), ‘பிடிவிடு கோணம்’ (இதற்கு மேல் கூடினால் பிடிவிடும்) என வினைத்தொகையாகவே ஆளலாம். வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது, ‘பிடிவிடுக் கோணம்’ என எழுத வேண்டாம். பெயராக நிற்குமிடத்தில் ‘பிடிவிடல் எச்சரிக்கை’ என வரும்.

இச்சொல்லில் இவ்வளவு கவனம் செலுத்தக் காரணம் உண்டு. இவ்வகை வானூர்திகளின் சட்ட வரையறையே இதில்தான் தொங்குகிறது. அமெரிக்க விதிகளின் 103ஆம் பகுதிப்படி, ஒருவர் மட்டும் அமரும் மீஇலகு வானூர்தி வெற்றெடையில் 254 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எரிபொருள் 5 கேலன். பிடிவிடு வேகம் 24 நாட்டுக்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) மேல் போகலாகாது. 2004இல் வந்த இலகு விளையாட்டு வானூர்தி விதியோ இருவருக்கு இடமளித்து, தரையிலிருந்து எழுபவற்றுக்கு 600 கிலோ வரையும், ஏற்றவிசையைக் கூட்ட உதவும் இறக்கைமடலை விரிக்காத நிலையில் 45 நாட் பிடிவிடு வேகம் வரையும் இசைந்தது. 2025இல் வெளியான திருத்தம் அந்த எடைவரம்பைக் கைவிட்டுப் பிடிவிடு வேகத்தையே முதன்மையான அளவுகோலாக்கியது. ‘இலகு’ என்னும் அடைமொழி இனி எவ்வளவு பொருந்தும் என்பது தனி வழக்கு.

வரைபலகையில் இதன் விளைவைப் பாருங்கள். உச்ச ஏற்றக்கெழு (பிடிவிடுமுன் இறக்கை தரக்கூடிய மிகுதியான ஏற்றவிசையைக் குறிக்கும் எண்) 1.5 என்று கொண்டால், கடல்மட்டத்தில் 24 நாட்டுக்கு இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 14 கிலோவையே தாங்கலாம். 45 நாட்டுக்கு அது 50 கிலோவாகிறது. விமானி, எரிபொருள் உட்பட மொத்தம் 214 கிலோ வரும் மீஇலகு வானூர்திக்கு 15 சதுர மீட்டர் இறக்கை வேண்டும். 600 கிலோ வானூர்திக்கு 12 சதுர மீட்டரே போதும். மூன்றில் ஒரு பங்கு எடையுள்ளது பெரிய இறக்கையோடு பறப்பதன் சூட்சுமம் இந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது.

வேகம், கோணம் இரண்டில் கோணமே மூலம் என்பதையும் பட்டியலின் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது இறக்கை இருமடங்குச் சுமையைத் தாங்குவதால், 45 நாட் என்றிருந்த பிடிவிடு வேகம் ஏறத்தாழ 64 நாட்டாக உயர்ந்துவிடும். பிடிவிடு கோணமோ மாறுவதில்லை. ஆகவே ‘பிடிவிடு கோண’த்தைத் தலைச்சொல்லாகவும், ‘பிடிவிடு வேக’த்தை அதன் கீழும் இடலாம் என்பது என் கருத்து.

ஓர் இறக்கை மற்றதற்கு முந்திப் பிடிவிட்டால் வானூர்தி சுழன்றபடி இறங்குமே, அதற்கு முன்மொழியப்பட்ட ‘தற்சுழற்சி’ எனக்கு நிறைவளிக்கவில்லை. புவிக்கும் பம்பரத்துக்கும் ஏற்கெனவே அதைக் கொடுத்துவிட்டோம். ‘சுழலிறக்கம்’ சரிவருமா?