கடுமையான சொரியாசிஸ்: ரத்தத்தில் எதை அளக்கிறீர்கள்?

வணக்கம். பாசி (PASI, சொரியாசிஸின் கடுமையைக் காட்டும்) மதிப்பெண் 10-ஐத் தாண்டியவர்களுக்கு, மருந்து தொடங்கும் முன்பும் 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் எவற்றைப் பார்ப்பது என்று படிவம் ஒன்று தயாராகிறது. அனுபவமுள்ளவர்கள் கைகொடுங்கள்.

அழற்சியைக் காட்டும் சிஆர்பி (ரத்தப் புரதம்), ஈஎஸ்ஆர் (சிவப்பணு படியும் வேகம்), நியூட்ரோஃபில்–லிம்போசைட் (இரு வகை வெள்ளையணு) விகிதம் மூன்றும் எளிதாகக் கிடைப்பவை. ஆனால் எதுவும் சொரியாசிஸுக்கு மட்டுமே உரியதல்ல. பருமன் ஒன்றே போதும் சிஆர்பியை ஏற்ற. ஈறு வீக்கம், சளி, மூட்டுவாதம் என்றாலும் ஏறும். 10 மி.கி./லிட்டருக்கு மேல் வந்தால் தொற்று இருக்கிறதா என்று தேடி, 2 வாரம் கழித்து மறுபடி எடுப்பதே சரி. விகிதத்தில் இன்னொரு சிக்கல்: பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) எடுப்பவருக்கு நியூட்ரோஃபில் கூடும், லிம்போசைட் குறையும். 6000-ஐ 1500-ஆல் வகுத்தால் 4. அது தோலின் அழற்சியா, மாத்திரையின் வேலையா?

சீழ்க்கொப்புள வகைக்கு கால்சியம், அல்புமின் இரண்டையும் சேர்த்தாயிற்று; அதில் சந்தேகமில்லை.

உதவி வேண்டியது பீட்டா-டிஃபென்சின் 2 என்ற கிருமி எதிர்ப்புப் புரதம் பற்றி. ஐஎல்-17ஏ (அழற்சியை ஏற்றும் சமிக்ஞைப் புரதம்) தூண்டித் தோல் செல்களே சுரப்பதால் பாசியோடு நன்றாக ஒத்துப்போகிறது. ஐஎல்-17ஏ-வை நேரடியாக அளந்தால், பிகோகிராம் அளவில்தான் இருப்பதால் எலைசா (புரதத்தை அளக்கும் ஆய்வகச் சோதனை) முறையில் பல நேரம் சிக்குவதில்லை. டிஃபென்சினை அளப்பவர்கள் சொல்லுங்கள்: கடுமையான நோயாளியின் சீரத்தை (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) எத்தனை மடங்கு நீர்க்கச் செய்கிறீர்கள்? ஒருமுறை உறைந்து உருகிய மாதிரியை ஏற்கிறீர்களா, ஒதுக்குகிறீர்களா?