எழுத்து (சட்டப்படியான திருமணப் பதிவு) முடிந்தும் ஒரே வீட்டில் இருக்கவில்லை: கனடா ஸ்பொன்சர் விண்ணப்பத்தில் இதை எப்படி விளக்குவது?

ஸ்காபரோவிலிருந்து ஒருவர் கேட்டது:

வணக்கம். நான் கனேடியப் பிரசை. 14 ஆண்டுகளாக ஸ்காபரோவில் வசிக்கிறேன். என் மனைவி கோப்பாயில் ஆசிரியையாக இருக்கிறார். எங்களுடையது இரு வீட்டாரும் குறிப்புப் பார்த்துப் பேசிச் செய்த திருமணம். 2023 மே மாதம் மாமனார் காலமானார். நான் ஏற்கெனவே ஆகஸ்ட் மாதத்துக்கு விடுமுறையும் பயணச்சீட்டும் எடுத்திருந்தேன். ஆட்டைத்திவசம் (முதலாண்டு நினைவுச் சடங்கு) முடியும் முன்னர் தாலி கட்டுவது சரியில்லை என்று பெரியவர்கள் கருதியதால், பதிவாளரை வீட்டுக்கு அழைத்து எழுத்தை மட்டும் முடித்தோம். மேளம் இல்லை, மணவறை இல்லை. 22 பேர் வந்து மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு எஞ்சியிருந்த மூன்று கிழமையும் நான் உரும்பிராயில் பெரியம்மா வீட்டிலும், மனைவி தன் தாயாருடனும் இருந்தோம். தாலி ஏறாமல் ஒரே வீட்டில் தங்குவது எங்கள் குடும்பங்களில் நினைத்துப் பார்க்கக்கூடிய விடயம் அல்ல.

அந்த டிசம்பரில் மனைவியைக் கனடாவுக்கு அழைப்பதற்கு இங்குள்ள ஒரு முகவர் மூலம் விண்ணப்பித்தேன். ஆகஸ்ட் முதல் சேர்ந்து வாழ்ந்ததாக எழுதினால்தான் நல்லது என்று சொல்லி அவர் எங்கள் உறவு பற்றிய விவரங்களைக் கேட்கும் ஐஎம்எம் 5532 படிவத்தை அப்படியே நிரப்பினார். நான் சரியாக வாசிக்காமல் கையொப்பமிட்டேன். 2024 ஜூனில் மண்டபத்தில் 300 பேர் முன்னிலையில் தாலி கட்டி, ஐந்து கிழமை மனைவியின் வீட்டில் ஒன்றாக இருந்துவிட்டுத் திரும்பினேன். ஓகஸ்டில் குடிவரவு அதிகாரிகள் மனைவியை நேர்காணலுக்கு அழைத்தார்கள். எழுத்துக்குப் பிறகு எங்கே தங்கினீர்கள் என்று கேட்டபோது அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

கடந்த கிழமை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. சேர்ந்து வாழ்ந்ததாக எழுதியது ஏன், விண்ணப்பத்துடன் என் மாமா கொடுத்த ஆதரவுக் கடிதத்தில் ‘அடுத்த ஆண்டு கலியாணம் நடக்க இருக்கிறது’ என்று இருப்பது ஏன், 2023 ஆம் ஆண்டு வரி மதிப்பீட்டில் நான் தனியாள் என்று பதிவாகியிருப்பது ஏன் என்று மூன்று ஐயங்களைக் குறிப்பிட்டு, 30 நாட்கள் தந்திருக்கிறார்கள். விண்ணப்பத்தை மீளப்பெற்றுப் புதிதாகப் போடுவது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

மார்க்கத்திலிருந்து ஒருவர்:

தம்பி, எனக்கும் ஒருமுறை மறுப்பு வந்து, மேன்முறையீட்டில்தான் வென்றேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கடிதத்தில் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், அவற்றின் அடியில் இருப்பது ஒன்றே: உங்களுக்கு எப்போது திருமணம் நடந்தது? உங்கள் வீட்டில் அதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. சட்டத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. படிவத்தை நிரப்பியவர் சட்டத்தின் விடையை எழுதினார், மாமா ஊரின் விடையை எழுதினார், வரிக் கணக்கைச் செய்தவர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை. அதிகாரியின் மேசையில் இந்த மூன்று தாள்களும் அருகருகே கிடக்கும்போது அவருக்கு எப்படித் தோன்றும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே மூன்றுக்கும் தனித்தனிப் பதில் எழுதாமல், மே மாத மரணத்தில் தொடங்கி ஜூன் மாதத் தாலி வரை நடந்ததை ஒரே ஓட்டமாகத் திகதிகளுடன் எழுதுங்கள். மாமனாரின் மரணச் சான்றிதழை அதனுடன் இணையுங்கள். எழுத்து ஏன் சிறிதாக நடந்தது என்பதற்கு அதைவிடப் பலமான தாள் உங்களிடம் இருக்க முடியாது.

இதில் உண்மையிலேயே ஆபத்தானது சேர்ந்து வாழ்ந்ததாக எழுதிய வரிதான். தனித்தனியாக இருந்தது குற்றமல்ல. அதை மறைத்து எழுதியதே சிக்கல். குடிவரவுச் சட்டத்தின் 40 ஆம் பிரிவின்கீழ் பொய்த்தகவல் என்று முடிவுசெய்தால் உங்கள் மனைவி ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் வர முடியாத நிலை ஏற்படும். அதனால் முதல் பந்தியிலேயே அந்த வரி தவறு என்று ஒப்புக்கொள்ளுங்கள். முகவர் நிரப்பினார் என்பதைச் சொல்லலாம், ஆனால் வாசிக்காமல் கையொப்பமிட்டது நான்தான் என்ற வாக்கியமும் கூடவே வரவேண்டும். பழியை முழுவதும் அவர் தலையில் போட்டால் கையொப்பம் யாருடையது என்ற கேள்விதான் திரும்பி வரும். திருத்திய 5532 படிவத்தைப் புதிய திகதியுடன் ஒப்பமிட்டு இணைத்து, இருவரும் தனித்தனியே சத்தியக்கடதாசியும் கொடுங்கள். நேர்காணலில் உங்கள் மனைவி உண்மையைச் சொன்னதுதான் இந்தக் கோவையில் உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய பலம். அதற்காக அவரைக் கடிந்துகொண்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4 ஆம் பிரிவையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். திருமணம் உண்மையானதல்ல என்று கண்டாலும் மறுக்கலாம், முதன்மையான நோக்கம் குடிவரவு என்று கண்டாலும் மறுக்கலாம். 2010 இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டில் ஒன்றே போதும். எனவே இப்போது அன்பாக இருக்கிறோம் என்று காட்டுவதோடு நிற்காமல், சம்பந்தம் எப்படித் தொடங்கியது, யார் கேட்டு வந்தார், ஏன் இந்தக் குடும்பம் என்பதையும் எழுதவேண்டும்.

மீளப்பெறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொடுத்த தாள்கள் அவர்களிடமேதான் இருக்கும், அடுத்த விண்ணப்பத்திலும் இதே கேள்வி காத்துக்கொண்டிருக்கும். இந்த முறை உரிமம் பெற்ற சட்டத்தரணியிடமோ, குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரி என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பதிவேட்டில் பெயர் உள்ளவரிடமோ செல்லுங்கள். 30 நாட்கள் போதாவிட்டால், காலம் முடிவதற்கு முன்பே எழுத்தில் நீடிப்புக் கேளுங்கள். மறுப்பே வந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. வெளிநாட்டிலுள்ள துணைக்கான விண்ணப்பம் என்பதால் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், அங்கே புதிய சான்றுகளையும் ஏற்பார்கள். அதிகாரியின் குறிப்புகளை ஐந்து டொலர் கட்டணத்துக்குத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் பெறலாம். என் மறுப்பின் உண்மையான காரணம் கடிதத்தில் இருக்கவில்லை, அந்தக் குறிப்புகளில்தான் இருந்தது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள ஒருவர்:

மாமாவின் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இது எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும் சிக்கல். யாழ்ப்பாணத்தில் ‘எழுத்து’ என்றால் சட்டப்படியான திருமணப் பதிவு, ‘கலியாணம்’ என்றால் தாலி கட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மொழிபெயர்க்கும்போது முன்னதைப் பெயர்ப்பதிவு என்றும் பின்னதைத் திருமணம் என்றும் ஆங்கிலத்தில் கொண்டுபோனால், வாசிப்பவருக்கு இவர்கள் இன்னும் மணமாகாதவர்கள் என்றுதான் விளங்கும். உங்கள் மாமா பொய் சொல்லவில்லை, அவர் பேசுகிற மொழியில் அவர் சரியாகவே எழுதியிருக்கிறார்.

அவரிடம் இன்னொரு கடிதம் வாங்குங்கள். முதல் கடிதத்தை மாற்றி எழுதுவதுபோல் இல்லாமல், அதில் கலியாணம் என்று எதைக் குறித்தேன், எழுத்து நடந்தபோது நானும் அங்கே இருந்தேனா, சாட்சியாகக் கையொப்பமிட்டேனா என்று விளக்குவதாக அது இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக அந்த இரண்டு சொற்களுக்கும் ஒரு வரி விளக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். அனுப்பும் தமிழ்த் தாள்கள் அனைத்துக்கும் மூலப் பிரதியும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து போகவேண்டும். சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லாதவர் செய்தால் அவருடைய சத்தியக்கடதாசியும் தேவை, குடும்பத்தவர் செய்தது செல்லாது. நன்றாக ஆங்கிலம் தெரிந்த மச்சானிடம் கொடுத்துவிட்டுப் பிறகு எங்களிடம் ஓடிவருபவர்கள் ஒவ்வொரு மாதமும் இருக்கிறார்கள்.

வடமராட்சியிலிருந்து 2019 இல் வந்த ஒருவர்:

அண்ணா, நான் ஸ்பொன்சரில் வந்தவள். அதனால் அக்காவின் பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சொல்கிறேன். கடிதத்துக்கான பதிலை நீங்களும் சட்டத்தரணியும் இங்கே இருந்து எழுதி முடித்துவிட்டு அவரிடம் கையொப்பம் மட்டும் வாங்காதீர்கள். எழுத்துக்கும் தாலிக்கும் இடையிலான பத்து மாதங்களைத் தகப்பனை இழந்த வீட்டில் இருந்து கடந்தவர் அவர். அதை அவர் தமிழில் தன் சொற்களில் எழுதட்டும், பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

உரையாடல்களில் எதை அனுப்புவது என்பதில் நான் முதலில் தவறு செய்தேன். பிறந்தநாள் வாழ்த்து, இதயக் குறிகள், ‘மிஸ் யூ’ எல்லாவற்றையும் பொறுக்கி வைத்திருந்தேன். என் கணவரின் அக்கா வாசித்துவிட்டு, இதை யாரும் யாருக்கும் அனுப்பலாமே என்று கேட்டார். கடைசியில் நாங்கள் அனுப்பியது கிணற்று மோட்டர் பழுதானபோது திருத்துவதா புதிதாக வாங்குவதா என்று இரண்டு நாள் இழுபட்ட பேச்சு, அம்மம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு யார் கூடப் போவது என்ற பேச்சு, கணவரின் இருப்பிட வாடகை கூடியதால் என் வகுப்புக் கட்டணத்தைப் பிந்திக் கட்டச் சொன்ன பேச்சு, அதற்காக நான் ஒரு நாள் முழுக்கப் பதில் போடாமல் இருந்தது, இவ்வளவும்தான். விண்ணப்பத்துக்கான சரிபார்ப்புப் பட்டியல் இத்தகைய உரையாடல்களைப் பத்துப் பக்கங்களுக்குள்ளும் படங்களை இருபதுக்குள்ளும் நிறுத்தச் சொல்கிறது. அந்தப் பத்துப் பக்கத்தில் ஒரு வீட்டின் கணக்கு வழக்கு தெரியவேண்டும்.

படங்களிலும் அப்படித்தான். மண்டபத்தில் மாலையோடு நிற்கும் படங்கள் ஐந்தாறு போதும். பொன்னுருக்கு, நாலாம் சடங்கு போன்றவற்றில் இரு வீட்டாரும் கலந்திருக்கும் படங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், நிற்பவர்களின் உறவுமுறை ஆகியவற்றை எழுதுங்கள். 2023 எழுத்துப் படங்களில் சுவரில் மாலை போட்ட உங்கள் மாமனாரின் படம் தெரிந்தால் அதைக் கட்டாயம் வையுங்கள்.

பணம் அனுப்புவது பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம்) அனுப்பியிருந்தால் அதற்குத் தாள் இருக்காது, இப்போது தாள் தயாரிக்க யாராவது முன்வந்தால் கிட்டவும் போகாதீர்கள். இனிமேல் வங்கி மூலம் அனுப்புங்கள். வேலையிடத்துக் காப்புறுதியில் அக்காவைப் பயனாளியாகச் சேர்த்திருக்கிறீர்களா?

வரிக் கணக்கு வேலை செய்யும் ஒருவர்:

எழுத்து நடந்த நாளிலிருந்தே வரிச் சட்டத்துக்கு நீங்கள் மணமானவர். மனைவி வெளிநாட்டில் இருப்பதோ தாலி கட்டாததோ அதை மாற்றாது. உடனடியாக ஆர்சி65 படிவம் மூலமோ இணையக் கணக்கிலோ திருமண நிலையை மாற்றி, 2023 வரிக் கணக்கையும் திருத்துங்கள். தனியாள் என்ற கணக்கில் ஜிஎஸ்டி (விற்பனை வரி) கழிவுப் பணம் வந்திருந்தால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேரலாம், தயங்காமல் கட்டிவிடுங்கள். மறுமதிப்பீடு 30 நாட்களுக்குள் வராவிட்டாலும், திருத்தம் சமர்ப்பித்ததற்கான அத்தாட்சியை இணைக்கலாம். கடிதம் வந்த பிறகுதான் திருத்தினேன் என்பதை மறைக்கவேண்டாம், திகதியே அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஏஜாக்ஸிலிருந்து ஒருவர்:

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தெரியவில்லை. 300 பேர் வந்த திருமணத்தின் முழுத் தொகுப்பையும் காணொளியையும் அனுப்பிவிட்டால் யார் சந்தேகிக்கப்போகிறார்கள்?

மார்க்கத்திலிருந்து மீண்டும்:

அந்த 300 பேரும் வந்தது 2024 ஜூனில், விண்ணப்பம் போய் ஆறு மாதத்துக்குப் பிறகு. விளக்கம் இல்லாமல் அந்தத் தொகுப்பை மட்டும் அனுப்பினால், விண்ணப்பித்தபோது திருமணமே நடக்கவில்லை என்ற ஐயத்துக்கு நாமே சான்று கொடுத்ததாக ஆகிவிடும். கதை முதலில், படம் பிறகு.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை மறுநாள் ஒரு சட்டத்தரணியைச் சந்திக்கிறேன். மீளப்பெறும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். மாமா எழுத்துக்குச் சாட்சியாகக் கையொப்பமிட்டவர்தான். சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறது, இவ்வளவு நாளும் அதை நான் கவனிக்கவில்லை. காப்புறுதியில் இன்னமும் என் அம்மாவின் பெயர்தான் இருக்கிறது. இன்றே மாற்றப் படிவம் கேட்டிருக்கிறேன், ஆனால் அதையும் கடிதத்துக்குப் பிறகு செய்ததாகவே காட்டுவேன். பணம் பெரும்பாலும் உண்டியலில்தான் போனது.

தங்கை எழுதியதை வாசித்துவிட்டு நேற்றிரவு அழைப்புப் பதிவுகளைப் பார்த்தேன். நான் காலை ஆறு மணி வேலைக்குப் போகுமுன் ஐந்து மணிக்கு அழைப்பேன், அங்கே பாடசாலை முடிந்து அவர் வீடு வந்திருக்கும் பிற்பகல் இரண்டரை. நவம்பரில் இங்கே மணிக்கூட்டை மாற்றியதும் என் ஐந்து மணி அவருக்கு மூன்றரையாகிவிட, அந்த நேரத்தில் அவருக்குப் பிள்ளைகளுக்கான மேலதிக வகுப்பு இருந்தபடியால், மார்ச் வரை நான் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அழைத்திருக்கிறேன். பதிவில் அத்தனை நாளும் வரிசையாக நான்கு மணி என்று இருக்கிறது. பத்துப் பக்கத்தில் இரண்டை அதற்கு ஒதுக்கலாம் என்று மனைவி சொல்கிறார்.