முதலில் சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவம்: முயலலாமா?

நிலாஅம்மா:
முதல் குழந்தை தலை திரும்பாமல் இருந்ததால் சிசேரியன். மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு இப்போது எட்டாம் மாதம், இந்தத் தடவை தலை கீழேதான் இருக்கிறது. சுகப்பிரசவத்துக்கு முயலலாம் என்று எனக்கு ஆசை. வீட்டிலோ "எதுக்கு வம்பு, தேதி குறிச்சு ஆபரேஷன் பண்ணிக்கோ" என்கிறார்கள்.

வெண்பா:
வீட்டில் சொல்வதுதான் சரி. வலியில் கர்ப்பப்பையில் இருக்கும் பழைய தழும்பு பிரிந்துவிட்டால் குழந்தையைக் காப்பாற்ற நிமிடக் கணக்குதான் இருக்கும். என் அக்காவுக்கு நாள் முழுக்க வலி, கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறக்கவே இல்லை, கடைசியில் அவசர சிசேரியன், அப்புறம் தையலில் சீழ் வைத்து வாரக்கணக்கில் குழந்தையைத் தூக்கக்கூட முடியவில்லை. முன்பே தேதி குறித்திருந்தால் இந்தப் பாடு எதற்கு?

தென்றல்:
அக்கா பட்டது பெரிய பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் முயல்பவர்களில் 100க்கு 60 முதல் 80 பேருக்கு சுகப்பிரசவமே ஆகிவிடுகிறது. தழும்பு பிரிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. அதோடு, ஒவ்வொரு சிசேரியனுக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது, சிலருக்கு ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையையே எடுக்க நேர்கிறது. மூன்றாவது குழந்தை வேண்டும் என்பவர்கள் இதை யோசிக்காமல் தேதி குறிக்கவே கூடாது.

வெண்பா:
அந்த 200இல் ஒருத்தி யார் என்று முன்கூட்டியே யாராவது சொல்ல முடியுமா? இரண்டு போதும் என்பவளுக்கு மூன்றாவதன் கணக்கு எதற்கு?

செவிலி_ஒருத்தி:
பிரசவ அறையில் வேலை பார்க்கிறேன். நிலாஅம்மா, முதலில் பழைய ஆபரேஷன் குறிப்பை எடுங்கள். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது, உள்ளே கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்பதுதான் முக்கியம். கீழ்ப்பகுதியில் குறுக்காக என்றால் முயலலாம். மேல்பகுதியில் நெடுக்காக என்றால் பேச்சே வேண்டாம், ஆபரேஷன்தான். குழந்தை திரும்பாததால் செய்த சிசேரியன் என்பது உங்களுக்குச் சாதகம், அந்தக் காரணம் இப்போது இல்லையே.

வலி தானாக வருவதே நல்லது, மருந்து கொடுத்து வரவழைத்தால் தழும்பு பிரியும் ஆபத்து கூடும். வலி வரவழைக்கத் தரும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கூடவே கூடாது. வலி நேரம் முழுக்க குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் தழும்பு பிரியும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அந்தத் துடிப்புதான். ராத்திரி இரண்டு மணிக்கும் மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் உடனே கிடைக்காத இடத்தில் முயலவே வேண்டாம்.

வெண்பா:
அப்படி எல்லாம் இருக்கிற ஆஸ்பத்திரி எத்தனை பேருக்குக் கிட்டும்? அதனால்தான் நான் ஆபரேஷன் என்கிறேன்.

தென்றல்:
அது ஆஸ்பத்திரியின் குறை. முயல நினைக்கிற பெண்ணைப் பயமுறுத்தி அதைச் சரிக்கட்டக் கூடாது.

நிலாஅம்மா:
பழைய கோப்பைத் தேடி எடுத்துவிட்டேன். கீழ்ப்பகுதி, குறுக்குவெட்டு என்றே எழுதியிருக்கிறது. ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் அங்கேயே இருப்பாரா, வீட்டிலிருந்து கூப்பிட்டு வரவழைப்பார்களா என்று அடுத்த செக்கப்பில் நேராகவே கேட்கிறேன். வரவழைப்பார்கள் என்றால் வெண்பா சொன்ன வழிதான்.