உயிரி எரிபொருள்: கழிவில் தொடங்கினால் கழிவோடு நிற்குமா?

மொலாசஸ்மணி:

பயிரிலிருந்தும் கழிவிலிருந்தும் எடுக்கும் உயிரி எரிபொருள் என்று வாயைத் திறந்தாலே "சோற்றை எரிக்கிறார்கள்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். அதற்காகத்தான் தனி இழை. நான் பதினைந்து வருடம் டிஸ்டில்லரியில், அதாவது எரிசாராயமான எத்தனாலை வடிக்கும் ஆலையில், வேலை பார்த்தவன், எனக்கு ஒருசார்பு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய்க் கிணறு இல்லாத ஒரு ஏழை நாடு தன்னிடம் இருக்கிற கொஞ்ச டாலரையும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் கொட்டுகிறது. டாலர் தீர்ந்த மாதம் பம்பில் வரிசை. அதே நாட்டுச் சர்க்கரை ஆலைகளில் மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்புப் பாகு, தொட்டி தொட்டியாகத் தேங்கிக் கிடக்கிறது. ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவிக்குக் கடலும் இல்லை, எண்ணெயும் இல்லை, ஒவ்வொரு சொட்டும் வேறு நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி அங்கிருந்து தரைவழியாக வர வேண்டும். 1982இலிருந்து மொலாசஸில் எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலக்கிறார்கள். இதில் யாருடைய சோறு போயிற்று?

பெரிய அளவில் என்றால் பிரேசில். 1973 விலையேற்றத்தில் அடிவாங்கி 1975இல் புரோஆல்கூல் என்ற எத்தனால் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே பெட்ரோலில் 30 சதவீதம் எத்தனால். ஆலை ஓடுவது கரும்புச் சக்கையை எரித்து, மிஞ்சுகிற மின்சாரம் விற்பனைக்கு. கரும்பில் நாம் போடும் புதைபடிவ ஆற்றலைப் போல எட்டு மடங்கு வரை திரும்பக் கிடைக்கிறது என்று கணக்குகள் உண்டு, மக்காச்சோளத்தில் ஒன்றரை, ரெண்டு மடங்கு வந்தாலே பெரிசு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நெருஞ்சி:

வந்துவிட்டது பிரேசில். இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் மூன்றாவது நிமிடத்தில் பிரேசில் வந்துவிடும். மழை, நிலம், சொந்த வேளாண் ஆராய்ச்சி, பல பத்தாண்டு அரசு மானியம் எல்லாம் இருந்த நாடு அது. அப்படியும் 1989-90இல் என்ன ஆனது? சர்க்கரைக்கு நல்ல விலை, ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன, எத்தனால் கார் வாங்கியவன் காலி டாங்கோடு நின்றான். பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் ஃபிளெக்ஸ் கார் 2003இல் வந்த பிறகுதான் மக்களுக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. பணக்கார மண்ணிலேயே இந்தக் கதி.

அந்த அச்சை ஏழை நாட்டில் வார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் இருக்கிறது. மகேனி பக்கம் அடாக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனம், கரும்பு எத்தனால், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி. ஐம்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் நீண்டகாலக் குத்தகை, நட்டது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. வளர்ச்சி வங்கிகளின் கடன், சூழலையும் மக்களையும் கெடுக்காத எரிபொருள் என்ற நிலைத்தன்மைச் சான்றிதழ் எல்லாம் கையில். 2015இல் வேலையைச் சுருக்கினார்கள், அடுத்த வருடம் விற்றுவிட்டுப் போனார்கள். நிலத்தைக் கொடுத்தவனுக்கு நிலமும் இல்லை, சொன்ன வேலையும் இல்லை. அந்தச் சான்றிதழை நெல் விதைப்பது போல விதைக்கவா முடியும்?

மொலாசஸ்மணி:

அடாக்ஸுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2014இல் அங்கே எபோலா வந்ததை விட்டுவிட்டீர்கள். தவிர அது ஏற்றுமதிக்கான தோட்டம், நான் பேசுவது உள்நாட்டில் எடுத்து உள்நாட்டில் எரிப்பதை.

பழைய டீசல்:

விதை எண்ணெயை டீசலில் கலக்கலாம் என்று கொண்டாடிய காட்டாமணக்கை யாரும் இன்னும் எடுக்கவில்லையே, ஆச்சரியம்தான். "தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடுமாடு வாய் வைக்காது" என்று சொன்னதெல்லாம் நினைவிருக்கிறதா? இந்தியாவில் 2003 திட்டக் குழு அறிக்கை ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நடலாம் என்றது, 2009 கொள்கை 2017க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்போம் என்றது. அந்த 20 சதவீதத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. மொசாம்பிக், தான்சானியா, கானா எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதை. செடி தரிசில் வளர்ந்தது உண்மைதான், காய்க்கத்தான் மறந்துவிட்டது. காய்க்க வேண்டுமென்றால் தண்ணீரும் உரமும் வேண்டும், அதைக் கொடுக்கிற நிலத்தில் எவனாவது காட்டாமணக்கு வைப்பானா? பறிப்பதும் கையால்தான், ஒரே மரத்தில் ஒரு காய் பழுத்திருக்கும், பக்கத்துக் காய் பச்சையாக இருக்கும்.

இன்னொன்று, "தரிசு" என்பது வருவாய்த் துறைக் கணக்கில் உள்ள சொல். ஆடு மேய்க்கிறவளுக்கும் விறகு பொறுக்குகிறவளுக்கும் அது தரிசு இல்லை.

வெயில்காய்ச்சி:

நான் நிலக் கணக்கு ஒன்று போடுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். ஒரு ஹெக்டேர் நல்ல கரும்பு 75 டன். டன்னுக்கு 80 லிட்டர் எத்தனால் என்றால் 6,000 லிட்டர். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலில், அதனால் கார் லிட்டருக்கு 10 கி.மீ. ஓடும் என்று வைப்போம். வருடத்துக்கு 60,000 கி.மீ. அதே ஹெக்டேரில் சூரியத் தகடு போட்டால்? ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 2 ஹெக்டேர், வெயில் நன்றாக அடிக்கிற இடத்தில் அது வருடம் 15 லட்சம் யூனிட் கொடுக்கும், அப்போது ஹெக்டேருக்கு ஏழரை லட்சம். மின்கார் ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. என்றால் 45 லட்சம் கி.மீ. 75 மடங்கு! என் கணக்கைப் பாதியாக வெட்டினாலும் 37 மடங்கு. தகட்டுக்குக் கழுவத்தான் தண்ணீர். கரும்புக்கு? ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது.

மொலாசஸ்மணி:

கணக்கு சரிதான், ஆனால் நீங்கள் வேறு கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போட்டது முழுச் சாற்றையும் எத்தனாலாக்கும் கணக்கு. மொலாசஸுக்குத் தனி நிலமும் இல்லை, தனித் தண்ணீரும் இல்லை, சர்க்கரைக்குப் போட்ட கரும்பின் மிச்சம் அது. டன் கரும்புக்கு 10, 11 லிட்டர் கிடைக்கும், அவ்வளவுதான், ஆனால் அது சும்மா கிடைக்கிற பத்து லிட்டர்.

அப்புறம், மின்கார் யாரிடம் இருக்கிறது? பாதி நாள் மின்சாரமே வராத ஊரில் பழைய டிராக்டரும் இருபது வருட லாரியும்தான் ஓடுகின்றன. இன்று இருக்கும் இஞ்சினில், இன்று இருக்கும் பம்ப் வழியாகப் போடக்கூடியது இது. பழைய டீசல், நீங்களே சொல்லுங்கள்.

பழைய டீசல்:

என்னைச் சாட்சிக்கு இழுக்கிறார். 10 சதவீதம் வரை பெரும்பாலான பெட்ரோல் வண்டிகள் தாங்கும். 20 போனால் அதற்கென்று தயாரிக்காத வண்டியில் மைலேஜ் கொஞ்சம் விழும், பழைய ரப்பர் குழாய், கேஸ்கட் எல்லாம் சீக்கிரம் போகும். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற வண்டியில் அது தனிச் சனியன். ஏழை நாட்டில் ஓடுவதே பழைய வண்டி என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அப்போது இந்தச் செலவு யார் தலையில்? அதோடு நீங்கள் சொன்ன டிராக்டரும் லாரியும் டீசல். எத்தனாலை அதில் ஊற்றினால் என்னிடம்தான் வந்து நிற்பீர்கள்.

மொலாசஸ்மணி:

டிராக்டர் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன் :)

நெருஞ்சி:

மணி சார் போகிற போக்கில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார், அதை விடக் கூடாது. டன் கரும்புக்கு மொலாசஸ் வழியில் பத்து லிட்டர், சாறு வழியில் எழுபது, எண்பது. அரசு 20 சதவீதம் கலப்பு என்று இலக்கு வைத்து விலையும் உறுதி செய்துவிட்டால், எந்த ஆலை பத்து லிட்டரோடு நிற்கும்?

நிற்கவில்லை. இந்தியாவில் ஆரம்பத்தில் மொலாசஸ் மட்டும். பிறகு சர்க்கரை கொஞ்சம் எடுக்காமல் விட்ட பி-ஹெவி மொலாசஸ், பிறகு நேரடிச் சாறு, பிறகு அரசுக் கிடங்கு அரிசி. 2030க்கு இருந்த 20 சதவீத இலக்கை 2025-26க்கு முன்னால் இழுத்தார்கள். 2023இல் மழை பொய்த்தது, டிசம்பரில் சாற்றுக்குத் தடை போட்டார்கள். அதற்குள் கட்டிய டிஸ்டில்லரி சும்மா இருக்குமா? மக்காச்சோளத்துக்குத் தாவியது. சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது, கோழிப் பண்ணைக்காரர்கள் தீவன விலையைப் பார்த்துக் கத்தினார்கள். எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய் தானிய இறக்குமதி.

இந்தோனேசியாவில் இதுவே இன்னும் பெரிய அளவில். டீசலில் பாமாயில் கலப்பு 2020இல் 30 சதவீதம், 2025இல் 40. உலகிலேயே அதிகம் பாமாயில் எடுக்கிற நாட்டில் 2022இல் சமையல் எண்ணெய் தட்டுப்பாடு வந்து ஏற்றுமதியையே சில வாரம் நிறுத்தினார்கள். தோட்டத்துக்காகக் கரிச்சதுப்பு நிலத்தை, அதாவது மட்கிய செடிகொடி அடுக்கடுக்காகத் தேங்கிய ஈர நிலத்தை, வடித்துக் காட்டை அழித்தால், வெளியேறும் கார்பனை அந்த எரிபொருள் ஈடுகட்ட 423 வருடம் ஆகும் என்று 2008இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நானூறு வருடம் கழித்து லாபம்!

மொலாசஸ்மணி:

உணவு விலையேற்றத்துக்கு உயிரி எரிபொருள் மட்டும் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். 2007-08இல் கச்சா எண்ணெய் விலை, உர விலை, ஆஸ்திரேலிய வறட்சி, நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு போட்ட ஏற்றுமதித் தடை எல்லாம் சேர்ந்துதான் தீப்பிடித்தது. அதில் அமெரிக்கச் சோள எத்தனாலும் ஒரு கொள்ளி, அதை மறுக்கவில்லை. மற்றபடி உங்கள் பத்து லிட்டர், எண்பது லிட்டர் வாதம் வலிக்கிறது. யோசித்துவிட்டு வருகிறேன்.

ஓரமா நிக்கிறேன்:

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், ஒரு சந்தேகம். வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கலாம் என்கிறார்களே, அப்போது இந்தச் சண்டையே வேண்டாமே?

பழைய டீசல்:

எடுக்கலாம். பானிபட்டில் 2022இல் நெல் வைக்கோலுக்கென்றே ஆலை திறந்தார்கள், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் திறன், செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். வேதியியல் ஓரளவு கைவந்துவிட்டது, சிக்கல் வைக்கோலில்தான். அறுப்புக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் சில வாரம்தான் இருக்கிறது, அதற்குள் ஆயிரக்கணக்கான வயல்களில் வாரி, கட்டி, வண்டியேற்றி, ஒரு வருடத்துக்கு நனையாமல் அடுக்கி வைக்க வேண்டும். வைக்கோல் கனமே இல்லாத சரக்கு, லாரி நிறையும், எடை ஏறாது. தூரம் கூடக் கூட லாரி டீசலே லாபத்தைத் தின்றுவிடும்.

எனக்குப் பிடித்தது சாண எரிவாயு. பெருமை கம்மி, யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள். ஆனால் உலகத்தில் 200 கோடிப் பேருக்கு மேல் இன்னும் விறகு, வறட்டி, கரி போன்றவற்றின் புகையில்தான் சமைக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியது காருக்கு எத்தனால் இல்லை. அதுவும் சும்மா ஓடாது, தினம் சாணமும் தண்ணீரும் கரைத்து ஊற்ற ஆள் வேண்டும், விரிசல் விட்டால் பூச ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் கைவிடப்பட்ட கலன்கள் ஏராளம்.

மொலாசஸ்மணி:

யோசித்தேன். என் திருத்தம் இது: இலக்கைச் சதவீதத்தில் வைக்காதே, மூலப்பொருளில் வை. "சர்க்கரைக்குப் பிறகு மிஞ்சும் மொலாசஸ், பொரித்து முடித்த எண்ணெய், சாணம், இவற்றில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு" என்று சட்டம் எழுது. வருகிற அளவுக்கு ஏற்பக் கலப்பு ஏறட்டும், இறங்கட்டும். நான் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஸ்பென்ட் வாஷ், அதாவது வடித்த பிறகு மிஞ்சும் கழிவுநீர், வரும். காபி நிறத்தில், புளித்த நாற்றத்தோடு. சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டால் மீன் மிஞ்சாது. அந்தச் செலவைச் சேர்க்காத எந்த விலையும் பொய் விலை.

நெருஞ்சி:

இதில் எனக்கு முக்கால்வாசி சம்மதம். ஆனால் மிச்சம் மட்டும்தான் என்ற அந்த உச்சவரம்பை யார் காப்பார்கள்? டிஸ்டில்லரி வங்கிக் கடனில் நிற்கிறது. மொலாசஸ் வருடத்தில் சில மாதம்தான் தாராளமாக வரும், தவணை பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும். மிச்ச மாதத்தில் பாய்லரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற முதலாளியை நீங்கள் பார்த்ததுண்டா? உங்கள் பதினைந்து வருடத்தில்?

மொலாசஸ்மணி:

இல்லை. நான் சேர்ந்தபோது மொலாசஸ் மட்டும்தான். ஒன்பதாவது வருடம் பக்கத்திலேயே தானியம் அரைக்கும் பிரிவு ஒன்று கட்டினார்கள், உடைந்த அரிசி, பூஞ்சை பிடித்த சோளம், அதாவது மனுஷன் சாப்பிட முடியாதது மட்டும் என்றுதான் சொன்னார்கள். இரண்டாவது பருவத்திலேயே நல்ல சோளம் லாரி லாரியாக வந்தது. அந்தப் பிரிவை ஓட்டிக் காட்டிய குழுவில் நானும் இருந்தேன்.