புதுப்பிப்பு: ஒரே 4கே மானிட்டரில் இரண்டு கம்ப்யூட்டர், 60 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: சத்துவாச்சாரி வீட்டில் ஆபீஸ் லேப்டாப், சொந்த கம்ப்யூட்டர் இரண்டையும் கேவிஎம் ஸ்விட்ச் (ஒரே மானிட்டர், கீபோர்டு, மவுஸை இரண்டு கம்ப்யூட்டருக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த உதவும் பெட்டி) வழியாக ஒரே மானிட்டரில் மாட்டியிருக்கிறேன், லேப்டாப்புக்கு மாற்றினால் மட்டும் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது என்று. ஸ்விட்சை மாற்றச் சொன்னவர்களே, அதில் ஒரு குறையும் இல்லை. லேப்டாப்பில் இருப்பது மானிட்டருக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பின் பழைய பதிப்பான 1.4. அதில் 4கே, அதாவது 3840×2160 படம் 30 ஹெர்ட்ஸில்தான் போகும்; நொடிக்கு 30 முறைதான் படம் புதுப்பிக்கப்படும், அம்பு விட்டுவிட்டு நகர்ந்தது அதனால்தான். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும்.

நேற்று காட்பாடியில் டைப்-சி டு எச்டிஎம்ஐ 2.0 அடாப்டர் வாங்கி வந்து, லேப்டாப்பின் டைப்-சி வழியாக ஸ்விட்சில் சொருகினேன். செட்டிங்ஸில் 60 என்று பார்த்ததும் அப்படி ஒரு நிம்மதி! பக்கத்தை உருட்டும்போது எழுத்து இழுபடுவதே இல்லை. வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள்: எல்லா டைப்-சியிலும் படம் வராது, படத்தை வெளியே அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளதில்தான் வரும். உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.