பெர்டாவா, ஆர்டெட்டாவா? ஆர்செனலில் யார் பேச்சு கடைசியில் எடுபடும்?

தூங்காநகர் கன்னர்:

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். நான் ஆர்செனல் பார்க்க ஆரம்பித்ததே 2022-23 சீசனில்தான், பழைய கதை அவ்வளவாகத் தெரியாது. வீரர்களை வாங்கி விற்கும் பொறுப்பான ஸ்போர்ட்டிங் டைரக்டர் பதவியில் இருந்த எடு 2024 நவம்பரில் போனார், 2025 மார்ச் கடைசியில் அத்லெட்டிகோ மாட்ரிட்டில் இருந்த ஆந்த்ரேயா பெர்டா அந்த இடத்துக்கு வந்தார். அணியை நடத்தும் ஆர்டெட்டாவுக்கு மேனேஜர் என்று பட்டம். லிவர்பூலுக்கு 2024இல் ஸ்லாட் வந்தபோது ஹெட் கோச், அதாவது பயிற்சி மட்டும் பார்ப்பவர், என்று போட்டார்கள்.

என் ரூம்மேட், யோக்கெரெஷ், சுபிமெண்டி, எஸே எல்லாருமே பெர்டா பிடித்துக்கொண்டு வந்த ஆட்கள், ஆர்டெட்டா தலையாட்டினார், அவ்வளவுதான் என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வீரரை வாங்கும் விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் யார் சொல்வது நடக்கும்? பழைய மேனேஜர் வெங்கர் காலத்தில் டைரக்டர் என்று யாரும் இல்லாமலேயே கப் ஜெயித்தோமே, இப்போது மட்டும் எதற்கு இந்தப் பதவி?

ஹைபரி மாமா:

தம்பி, உன் கடைசி கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதைத் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெங்கருக்கும் ஒரு டைரக்டர் இருந்தார். அந்தப் பெயர்ப்பலகை மட்டும்தான் இல்லை. வைஸ் சேர்மன் டேவிட் டீன். வெங்கர் ஆளைக் காட்டுவார், அந்த கிளப்போடு உட்கார்ந்து பேசி முடிப்பவர் டீன். 1998, 2002, 2004 என்று வெங்கர் வாங்கிய மூன்று லீக் பட்டமும் டீன் கூட இருந்த காலத்தில் வந்தவை. 2007 ஏப்ரலில் போர்டுக்குள் சண்டை வந்து டீன் வெளியே போனார். அதற்கு அப்புறம் வெங்கர் 2018 வரை இருந்தார், எஃப்.ஏ. கப்கள் வந்தன, லீக் வரவில்லை. புது ஸ்டேடியம் கட்டிய செலவு, போட்டி கிளப்களான செல்சியிலும் மான்செஸ்டர் சிட்டியிலும் கொட்டிய பணம், எல்லாம் காரணம்தான். ஆனால் ஒரே ஆள் பயிற்சியும் கொடுத்து, ஆளையும் தேடி, சம்பளக் கணக்கும் பார்த்தால் என்ன ஆகும் என்பதை அந்த வருடங்களில் உட்கார்ந்து பார்த்தவன் நான். டைரக்டர் ஆஃப் ஃபுட்பால் வரப்போகிறாராமே என்று 2017இல் நிருபர்கள் கேட்டதற்கு, அவர் யார், ரோட்டில் நின்று வலது இடது என்று கை காட்டுபவரா என்று வெங்கர் கிண்டலடித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன். அடுத்த ஜனவரியில் எங்கள் நட்சத்திர வீரர் சான்செஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். காண்ட்ராக்ட் முடிய ஆறு மாதம்தான் பாக்கி என்பதால் அவர்களுடைய வீரர் மிகிதார்யனோடு மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. அதைத் தடுக்க வேண்டிய வேலை யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

அப்புறம் கிளப்பின் தலைமை நிர்வாகி கசிடிஸ் யாருக்கு என்ன பதவி என்று ஒரு பெரிய வரைபடம் போட்டார். ஆள் தேட டார்ட்மண்டில் இருந்து ஸ்வென் மிஸ்லின்டாட், பேரம் பேச பார்சிலோனாவில் இருந்து ராவுல் சான்யெஹி, அவர்களுக்குக் கீழே ஹெட் கோச் என்று உனாய் எமெரி. பேப்பரில் பார்க்க ஜோராக இருந்தது. வரைந்த கசிடிஸே 2018 இலையுதிர் காலத்தில் மிலன் கிளப்புக்குக் கிளம்பினார். 2019 பிப்ரவரியில் மிஸ்லின்டாட் போனார், நவம்பரில் எமெரியை அனுப்பினார்கள், 2020 ஆகஸ்டில் சான்யெஹியும் காலி. இரண்டு வருடத்தில் அந்த வரைபடத்தில் இருந்த பெரிய பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை.

நடுவில் நடந்ததுதான் உன் கேள்விக்குப் பதில். 2019 கோடையில் எமெரி கேட்டது வில்ஃப்ரட் ஸாஹாவை. கிளப் வாங்கியது நிக்கோலா பெப்பேயை, 72 மில்லியன் பவுண்டுக்கு, அன்றைய கிளப் சாதனைத் தொகை. இதை எமெரியே பிற்பாடு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பெப்பே மோசமான ஆட்டக்காரர் இல்லை. ஆனால் தான் கேட்காத ஆளை வைத்துக்கொண்டு எமெரி ஒரு ஆட்டத்தில் இறக்குவார், அடுத்ததில் பெஞ்சில் வைப்பார். 2023இல் காண்ட்ராக்டை ரத்து செய்து சும்மாவே அனுப்பினோம்.

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவன். புரொடக்ஷன்காரர் கேட்ட நூலை விட்டுவிட்டு, இதுதான் நல்ல நூல் என்று நானாக வேறு நூல் இறக்கினால், அதில் வரும் ஒவ்வொரு குறையும் என் தலையில்தான் விழும். நூல் நன்றாகவே இருந்தாலும் விழும். அதே சமயம் அவர் கேட்டதை எல்லாம் கேட்ட விலைக்கு வாங்கிக் கொடுத்தால் எனக்கு எதற்குச் சம்பளம்?

கோப் குமரன் (லிவர்பூல் ரசிகன், மன்னிக்கவும்):

மாமா, பெப்பே கதையை வைத்து கோச் கேட்டதைத்தான் வாங்க வேண்டும் என்று முடித்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் நடந்தது நேர் எதிர். 2017இல் எங்கள் மேனேஜர் க்ளாப் மனதில் இருந்தது யூலியன் பிராண்ட். ஸ்போர்ட்டிங் டைரக்டர் மைக்கேல் எட்வர்ட்ஸும் ஆள் தேடும் ஸ்கவுட்டிங் ஆட்களும் விடாமல் சாலா, சாலா என்று அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள். இதை க்ளாப்பே ஒத்துக்கொண்டிருக்கிறார். முதல் சீசனிலேயே சாலா லீக்கில் 32 கோல். அதற்கு அப்புறம் பல வருடம் எங்களுக்குச் சோறு போட்டது அந்த முடிவுதான்.

ஸ்லாட் 2024இல் வந்தது ஹெட் கோச்சாகத்தான். ரிச்சர்ட் ஹ்யூஸ் ஸ்போர்ட்டிங் டைரக்டர், அவருக்கு மேலே எட்வர்ட்ஸ். வந்த முதல் சீசனிலேயே, 2024-25இல், உங்களை 10 புள்ளி பின்னால் விட்டு லீக் ஜெயித்தார். அந்தக் கோடையில் களத்துக்கு என்று புதிதாகக் கிடைத்தவர் கியேஸா ஒருவர்தான். நாங்கள் வாங்க நினைத்த சுபிமெண்டி கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றார். ஏற்கெனவே அணியில் இருந்த கிராவென்பெர்கை அந்த இடத்தில் நிறுத்தி ஸ்லாட் ஓட்டிக் காட்டினார். மேனேஜர் என்ற பட்டம் இல்லாததால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது?

பெஞ்ச்சில் பத்து வருஷம்:

பட்டம், வரைபடம் எல்லாம் இருக்கட்டும். 2025 ஜனவரியை யாரும் பேசவில்லையே? எடு போய்விட்டார், ஜேசன் அய்ட்டோ தற்காலிகமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் ஸ்ட்ரைக்கர் ஜேசுஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. ஸ்ட்ரைக்கர் வேண்டும் என்று ஊரே கத்தியது. ஆஸ்டன் வில்லாவின் வாட்கின்ஸுக்கு ஒரு விலை சொன்னோம், அந்த கிளப் முடியாது என்றது, அதோடு சரி. பிப்ரவரியில் துபாய் முகாமில் முன்வரிசை ஆடிய ஹாவர்ட்ஸுக்குத் தொடைத்தசை போனது. மீதி சீசனுக்கு நடுக்கள ஆட்டக்காரர் மெரினோ ஸ்ட்ரைக்கர்! லெஸ்டரில் இறங்கி இரண்டு கோல் அடித்தார், அவரைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். ஆனால் டைரக்டர் நாற்காலி காலியாக இருந்ததால்தானே அந்த நிலைமை?

ஹைபரி மாமா:

பெஞ்ச்சு, அந்த ஜனவரிக் கடுப்பு எனக்கும் ஆறவில்லை. ஆனால் பழி முழுவதையும் காலி நாற்காலி மேல் போட முடியாது. 2024 கோடையில் எடு இருந்தாரே? ஸ்ட்ரைக்கர் நெக்கேட்டியாவை கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றோம், ஸ்மித் ரோவை ஃபுல்ஹாமுக்கு விற்றோம், கடைசி நாளில் ஸ்டெர்லிங்கை லோனில் (ஒரு சீசனுக்கு இரவலாக) கூட்டி வந்தோம். ஸ்ட்ரைக்கர் வாங்கவில்லை. பள்ளத்தை அப்போதே தோண்டியாயிற்று, ஜனவரியில் விழுந்தோம்.

குமரா, சாலா விஷயத்தில் நீ சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் உன் கதையும் என் கதையும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. எட்வர்ட்ஸ் க்ளாப்பை மீறி வாங்கவில்லையே, பேசிப் பேசி மனதை மாற்றினார். சாலா வந்து இறங்கியபோது அவர் க்ளாப்பின் ஆள். பெப்பே வந்து இறங்கியபோது எமெரியின் ஆள் இல்லை. அங்கே வைக்கிறேன் நான் வித்தியாசத்தை.

எடு காலத்தில் எனக்குப் பிடித்த வேலை எதையும் வாங்கியதில் இல்லை, ஒருவரை விற்காமல் வைத்திருந்ததில். தடுப்பாட்டக்காரர் சலிபா 2019 ஜூலையில் கையெழுத்துப் போட்டார். ஆர்டெட்டா வந்த பிறகு பிரெஞ்சு கிளப்களுக்கு லோன் மேல் லோன்: நீஸ், அப்புறம் மார்செய். ஆர்செனலுக்காக முதல் லீக் ஆட்டம் 2022 ஆகஸ்டில். மூன்று வருடம்! பையனுக்கே பொறுமை போயிருந்தது. வெறும் கோச் கையில் முடிவு இருந்தால் பாதி வழியில் விற்றுவிட்டு அந்தக் காசுக்கு உடனே ஆடக்கூடிய ஒருவரைக் கேட்டிருப்பார் என்பது என் கணிப்பு. கோச் கண் சனிக்கிழமை ஆட்டத்தில் இருக்கும், அது அவர் தப்பும் இல்லை. மூன்று வருடம் தள்ளிப் பார்க்க ஒருவர் வேண்டும்.

தூங்காநகர் கன்னர்:

மாமா, அருமை. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்றைக்கு, இந்த கிளப்பில், பெர்டா ஒருவரைக் காட்டி ஆர்டெட்டா வேண்டாம் என்றால்?

ஹைபரி மாமா:

அந்த ஆள் வரமாட்டார். நேரடியாகச் சொல்கிறேன். 2020 செப்டம்பரில் ஆர்டெட்டாவை ஹெட் கோச்சில் இருந்து மேனேஜர் ஆக்கியதே, ஆள் எடுக்கும் விஷயத்தில் அவருக்கும் இடம் உண்டு என்று காட்டத்தான். அன்றைக்கு அவருக்கு ஒரு வருட அனுபவம்கூட இல்லை, கையில் பெரிய கோப்பை என்று ஒரு எஃப்.ஏ. கப் மட்டும். இன்றைக்கு அவர்தான் அந்தக் கட்டடத்திலேயே எடை கூடிய ஆள். பெர்டா நேற்று வந்தவர்.

எதிர்ப்பக்கம் கேள்: ஆர்டெட்டா ஒருவரைக் கேட்டு பெர்டா வேண்டாம் என்றால்? இங்கேதான் எனக்குப் பயம். எடுவும் ஆர்டெட்டாவும் சேர்ந்து வளர்ந்தவர்கள், எங்கே அழுத்தலாம், எங்கே விடலாம் என்று ஒருவரை ஒருவர் தெரியும். பெர்டா அத்லெட்டிகோவில் சிமியோனேயோடு பல வருடம் வேலை பார்த்தவர், அதனால் பிடிவாதக்கார கோச் அவருக்குப் புதிதில்லை. நம் பரம வைரியான ஸ்பர்ஸின் வாசற்படி வரை போன எஸேயைத் திருப்பிக் கொண்டுவந்த வேகம் எனக்குப் பிடித்தது. ஆனால் அது இரண்டு பேரும் ஆசைப்பட்ட ஆள். ஒத்துப்போகாத ஒரு பெயர் வரும்போது பார்ப்போம்.

அதற்கு டிரான்ஸ்ஃபர் வரைக்கும் போக வேண்டியதுகூட இல்லை. ஆர்டெட்டா 2024 செப்டம்பரில் போட்ட காண்ட்ராக்ட் 2027 வரை. அதை நீட்டிக்கும் பேச்சு வரும்போது மேஜைக்கு எதிர்ப்பக்கம் பெர்டா உட்காருகிறாரா, அல்லது கிளப் நிர்வாகி ரிச்சர்ட் கார்லிக்கும் உரிமையாளர் குடும்பத்து ஜாஷ் க்ரோன்கியும் மட்டும் உட்காருகிறார்களா என்று கவனி. பெர்டாவுக்கு அங்கே நாற்காலி இல்லை என்றால் உன் ரூம்மேட்டிடம் தைரியமாகப் பந்தயம் கட்டு.

கோப் குமரன்:

நாற்காலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்பர்ஸைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டுக்கொள்வீர்கள், தெரியும்.